அறுபதடியில் இனித்த தண்ணீர்

“உப்பா, சர்க்கரையா?”

எருமப்பட்டி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஆண்டி, செங்கோடனைக் கண்டதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். கேட்கும்போது அவர் சிரிக்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்துவிடுவார்கள். செங்கோடன் தம்ளரை வாங்கிக்கொண்டு, எதிரே போகும் லாரிகளைப் பார்த்தபடி நிற்பான். தாடை எலும்பு மட்டும் உள்ளுக்குள் அசைந்துகொண்டிருக்கும்.

ஊரில் அவன் பெயர் உப்புச் செங்கோடன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் எடுபிடி ஆளாக ஏறி, ராடு தூக்கித் தோள் காய்த்துப்போய், பிறகு லீவர் பிடிக்கும் டிரில்லராக உயர்ந்தவன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாதி இந்தியாவின் பாறையை அவன் துளைத்திருக்கிறான். இப்போது கோழிப்பண்ணை முட்டையை நாமக்கல்லுக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறான். எந்த ரிக்கிலும் அவனை ஏற்றுவதில்லை. காரணம் கேட்டால் ஊர் ஒரே மூச்சில் சொல்லும்: வெளிநாடு போன இடத்தில் குடித்துவிட்டு, லீவரைப் பிடித்தபடியே தூங்கிப்போய், நல்ல தண்ணீர் வந்த கிணற்றை உப்பாக்கிவிட்டு வந்தவன்.

இது பொய். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே எதையும் சொல்ல வேண்டும். செங்கோடன் குடிப்பதில்லை. லீவரில் கை இருக்கும்போது அவன் கண் ஒருநாளும் மூடியதில்லை. பொய்யைச் சொன்னவர் அவனுடைய ரிக் முதலாளி ஆனந்தகுமார். சொன்ன இடம் இதே ஆண்டி கடை. சொன்ன விதமோ, யாருக்கோ இரங்குகிறவர் போல, நாக்கைச் சப்புக்கொட்டி, “நல்ல டிரில்லருங்க, குடிதான் கெடுத்துப்போடுச்சு” என்ற விதம்.

உள்ளூரில் நடந்திருந்தால் நாலு பேர் போய்ப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். நடந்ததோ பராகுவேயில். முதலாளியின் பொய்க்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதை மறுப்பதற்குச் செங்கோடன் ஒரு நாட்டையே விளக்க வேண்டியிருந்தது. அவனுக்கு நேர்ந்ததில் பெரிய அநியாயம் இதுதான்.

ஆனாலும் அவன் விளக்கிப் பார்த்தான். திரும்பி வந்த புதிதில், இதே பெஞ்சில் உட்கார்ந்து.

“பராகுவேயா? அது ஆப்பிரிக்காவுல எந்தப் பக்கம்?” என்று தீவன லாரி ஓட்டும் ஒருவன் கேட்டான்.

“ஆப்பிரிக்கா இல்லீங்க. தென்னமெரிக்கா.”

“கடலோரமா?”

“கடலே கெடையாதுங்க. கெழக்க பிரேசிலு, தெக்கயும் மேக்கயும் அர்ஜென்டினா, வடக்க பொலிவியா. மூணுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட நாடு. அந்தக் கண்டத்துல கடலில்லாத நாடு ரெண்டே ரெண்டுதான், அதுல இது ஒண்ணு. நம்ம ரிக்கே கப்பல்ல போயி, பொறவு பெரிய படகுல ஏறி, ஆத்தோடயேதான் உள்ள போச்சு.”

“அட, கடலே இல்லாத ஊருல உப்பு எப்படிப்பா வந்துச்சு? போறப்ப மூட்டை கட்டிக்கிட்டுப் போயிட்டியா?”

பெஞ்சு குலுங்கிற்று. டீயைக் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு அடங்கிய இடத்தில்தான் ஆண்டி முதன்முதலாகக் கேட்டார்: “உனக்கு உப்பா, சர்க்கரையா செங்கோடா?” அன்று தொடங்கியது.

கடலில்லாத ஊரில் உப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. பராகுவே என்னும் நாட்டை அதே பெயருள்ள ஓர் ஆறு மேலிருந்து கீழாக இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓடுகிறது. கிழக்குப் பாதி பச்சை: சோயா வயலும், சிவந்த மண்ணும், ஜனமும் அங்கேதான். மேற்குப் பாதிக்குச் சாக்கோ என்று பெயர். நாட்டின் நிலத்தில் பாதிக்குமேல் அதுதான், ஆனால் நூறு பேரில் ஐந்து பேர்கூட அங்கே இல்லை. முள்மரமும் பனையும் மேய்ச்சல் மாடும் புழுதியுமாகக் கிடக்கும் சமவெளி. நம் ஊரில் மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். தொண்ணூறு வருடத்துக்கு முன் அந்த நிலத்துக்காகப் பொலிவியாவும் பராகுவேயும் மூன்று வருடம் சண்டை போட்டன. குண்டுபட்டுச் செத்த சிப்பாய்களோடு தண்ணீரில்லாமல் நாக்கு வறண்டு செத்தவர்களும் அந்த முள்காட்டில் ஏராளம். கடல் இல்லாத அந்த மண்ணுக்கு அடியில் உப்பு இருக்கிறது. எப்போதோ வற்றிப்போன நீரின் உப்பு. அதன் மேலே, மழை இறங்கிய மணற்பகுதிகளில் மட்டும், நல்ல தண்ணீர் ஆடைபோல் மிதந்துகொண்டிருக்கிறது.

பாலின் மேலே ஆடை மிதப்பது போல. அவ்வளவு மெல்லியது. ஆழம் போகப்போக நல்ல தண்ணீர் என்பது நம் பக்கத்து விதி. ஆழம் போகப்போக உப்பு என்பது அந்த மண்ணின் விதி.

இதையெல்லாம் செங்கோடனுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. ஏழாவதோடு பள்ளியை விட்டவன். போகும் முன்பே சேலத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் உலக வரைபடப் புத்தகம் வாங்கி, போகிற நாட்டின் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்தான். அங்கே போய்க் கண்ணால் பார்த்தான். திரும்பி வந்தபின், முட்டை ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில், போனில் தேடித்தேடிப் படித்தான். விமானச் சீட்டின் கிழிசல், விசா நகல், போட்ட கிணறு ஒவ்வொன்றுக்கும் எழுதிய தினசரி அறிக்கையின் கார்பன் பிரதி, மண் மாதிரி எடுத்த பைகளின் மேலிருந்த சீட்டுகள், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் தேதிவாரியாக இருக்கின்றன. ரிக் உரிமையாளர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு அந்த உறையைத் தூக்கிக்கொண்டு போய், மேசைமேல் பரப்பி, நின்றான். ஒருவர் ஒரு தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன பாசை?”

“ஸ்பானிஷுங்க. அங்க ஆபீசுல அதுதான். ஊட்டுல பேசறது குவாரனி. ரெண்டுமே அந்த நாட்டு ஆட்சி மொழிங்க. குவாரனின்னா பழங்குடி மக்களோட பாசைதான், ஆனா அங்க எல்லாருமே பேசறாங்க. காசுக்கும் அதுதான் பேரு.”

“சரி சரி. நமக்கு எதுக்கு அதெல்லாம்?” என்று தாளை வைத்துவிட்டு, அடுத்த விஷயமான டீசல் விலைக்குப் போய்விட்டார்கள். முன்வரிசையில் ஆனந்தகுமார் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்றிரவு செங்கோடனின் மனைவி மஞ்சுளா அந்த உறையை அலமாரியின் மேல்தட்டுக்குத் தூக்கிவைத்தாள். அவளுக்கும் கோபம்தான். ஆனால் அவள் கோபத்துக்குக் குறி தெரியும்.

“ஏனுங்க, இந்தக் கடுதாசி பேசாதுங்க. பேச வேண்டிய வாயி வேற. அது வாழப்பாடியில மூடிக்கிட்டுக் கெடக்குது.”

அவள் சொன்னது வேல்முருகனை. வாழப்பாடிக்காரன், செங்கோடனுக்கு உதவி டிரில்லராகப் பராகுவே வந்தவன், நடந்ததை முழுக்கப் பார்த்த ஒரே தமிழன். இப்போதும் ஆனந்தகுமாரிடமே வேலை பார்க்கிறான். செங்கோடன் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருமுறை நாமக்கல் கடைவீதியில் எதிர்ப்பட்டபோது, மருந்துக் கடைக்குள் நுழைந்து, வாங்க எதுவுமில்லாமல் தைல பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். செங்கோடன் வெளியே நின்று அதைப் பார்த்தான். உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வேனில் ஏறி, கதவை அறைந்து சாத்திய வேகத்தில் பின்னால் இரண்டு அட்டை முட்டை உடைந்தது.

நடந்தது இதுதான்.

சாக்கோவில் பால்மா சோலா என்று ஒரு குடியிருப்பு. முப்பது, நாற்பது வீடு, மாட்டுப் பட்டிகள், தகரக்கூரை போட்ட பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியின் கம்பத்தில் பறந்த கொடிக்கு முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறொரு சின்னம்: ஒருபுறம் நட்சத்திரம், மறுபுறம் சிங்கம். உலகத்தில் அப்படிக் கொடி உள்ள நாடு வேறில்லை என்பதைச் செங்கோடன் பிற்பாடு படித்தான். படித்தபோது முதலாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கிணறு கேட்டது ரமோனா என்கிற அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி போட்டுக் குதிரைமேல் போய் மாடு மடக்குகிறவள். வீட்டுக்குப் பின்னால் கையால் தோண்டிய பழைய கிணறு இருந்தது. அதில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் நல்ல தண்ணீர். மாடு பெருகிவிட்டதால் கூடுதலாக ஒன்று வேண்டுமென்றாள். ரிக் வந்து நின்ற அன்று மதியம் எல்லோருக்கும் சோறு போட்டாள். சோறென்றால் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மாட்டிறைச்சியும். அந்த நாட்டில் கிழங்கில்லாமல் ஒரு வேளையும் இல்லை. செங்கோடன் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றான். நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை நினைவுக்கு வந்தது. நம் ஊருக்கு இந்தக் கிழங்கு வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான் என்று வேல்முருகனிடம் சொன்னான். வேல்முருகன் நம்பவில்லை. “ஆத்தூர்லருந்து வந்துருக்கும்ணா” என்றான்.

துளை இறங்கியது. பாறையே இல்லாத மண். பாறை உடைக்கும் சுத்தியலுக்கு வேலையில்லை. மணலும் களியும் குழம்பாக மேலே வந்துகொண்டிருந்தன. அறுபதடியில் தண்ணீர். செங்கோடன் லீவரை நிறுத்தி, குழம்பு தெளியவிட்டு, உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தான். இனித்தது. ஊரில் தண்ணீர் கண்டால் கிணற்றுக்காரர் மஞ்சள் தெளித்துப் பூப்போடுவார். இங்கே மஞ்சளுக்கு எங்கே போவது? வேலியில் பூத்திருந்த ஏதோ ஒரு பூவைப் பறித்துத் துளைக்குள் போட்டான். ரமோனா அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மாட்டுக்கொம்பில் செய்த குவளையில் மூலிகைத்தூளை நிரப்பி, அந்தப் புதுத் தண்ணீரை ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சினாள். அந்த நாட்டில் வெயிலுக்கு அதுதான் பானம். ஒரே குவளை, ஒரே குழல், சுற்றி இருப்போர் அனைவருக்கும் கைமாறும். அவள் உறிஞ்சியபின் குவளையைச் செங்கோடனிடம் நீட்டினாள். நீட்டியபடியே சொன்னாள்: “பாஸ்தா.” போதும் என்று அர்த்தம். பிறகு தரையை விரலால் சுட்டி, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று காட்டி, நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்தாள். மொழி தெரியாதவனுக்கும் அது விளங்கும். கீழே உப்பு.

செங்கோடனுக்கு விளங்கியது. லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஆனால் நம் பக்கத்து ரிக் தொழிலில் கூலி அடிக் கணக்கு. எத்தனை அடி துளைத்தோமோ அத்தனை அடிக்குப் பில். எருமப்பட்டிப் பக்கம் அறுபதடியில் கசிவதை எவனும் தண்ணீரென்று மதிப்பதுமில்லை. ஆயிரம், ஆயிரத்திருநூறு அடி போய்ப் பாறை இடுக்கில் வருவதுதான் தண்ணீர். தண்ணீரில்லையா, இன்னும் நாலு ராடு இறக்கு. இருக்கிறதா, நின்று பிடிக்க இன்னும் நாலு ராடு இறக்கு. அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்த ரிக் அது. பேசியிருந்ததோ இருநூறு அடி. வேல்முருகன் போனில் முதலாளியைப் பிடித்தான். ஜீப்பிலிருந்த செயற்கைக்கோள் கருவியால் இணைப்புக் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுச் செங்கோடன் பக்கம் நீட்டினான்.

“அறுபதுல நல்ல தண்ணிங்க மொதலாளி. அந்தம்மா போதுங்குதுங்க. கீழ உப்பாமாங்க.”

“அறுபதடிக்காடா கடல் தாண்டி ரிக் அனுப்பிச்சேன்?” எருமப்பட்டியிலிருந்து குரல் தெளிவாக வந்தது. “பொம்பள பேச்சைக் கேட்டு நிறுத்துவியா? எறக்குடா. ஆழம் போவப் போவத்தான் தண்ணி நிக்கும். இதுகூட நாஞ் சொல்லோணுமா?”

“இந்த மண்ணு வேறீங்க.”

“மண்ணெல்லாம் மண்ணுதான். எறக்குறியா, வேல்முருகனை எறக்கச் சொல்லட்டுமா?”

இறக்கினான். ரமோனா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். உடனிருந்த உள்ளூர் ஒப்பந்தக்காரரின் ஆள், பேசிய அடி இருநூறு என்று அவளிடம் தாளைக் காட்டினான். களிமண் தட்டு உடைந்தது. அடியிலிருந்து அழுத்தத்தோடு வந்த தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கரித்தது. விடிந்தபோது புதுக்கிணறு உப்பு. அடுத்த சில நாளில் பக்கத்திலிருந்த பழைய கிணறும் உப்பு. ரமோனா குவளையில் உறிஞ்சியதைத் தரையில் துப்பினாள். அவள் செங்கோடனைத் திட்டவில்லை. குவளையைக் கவிழ்த்து, காலியாக, அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

ரிக் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. செங்கோடன் நகரவில்லை. களிமண்ணை உருண்டையாக உருட்டிக் காயவைத்து, துளையின் அடியிலிருந்து உடைந்த களிமண் தட்டு வரைக்கும் இட்டு நிரப்பி, அதற்குமேல் சிமென்ட் இறக்கி, அறுபதடிக்குக் கீழே இருந்த வழியை அடைத்தான். ரமோனாவின் ஆட்கள் மண் சுமந்தார்கள். தண்ணீர் தேறுமா என்று அவனுக்குத் தெரியாது. மழை வந்து மேலிருந்து கழுவ வேண்டும். மழை வருவதற்குள் முதலாளி அவனை ஊருக்குத் திருப்பியனுப்பிவிட்டார். அவன் எருமப்பட்டி வந்து சேரும் முன்பே அந்தக் குடிகாரக் கதை வந்து சேர்ந்திருந்தது. ஒப்பந்தக்காரர் ஏன் என்று கேட்டபோது ஆனந்தகுமாருக்குச் சொல்ல ஒரு பதில் தேவைப்பட்டது. டிரில்லர் குடித்திருந்தான் என்றார். அங்கே சொன்னதை இங்கேயும் சொல்லிவைப்பது நல்லதென்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். ஒருவனுடைய இருபது வருடத் தொழிலை அழிக்க அவருக்குச் செலவான முயற்சி அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு வருடம் போனது.

இந்தத் தை மாதத்தில் ஒருநாள் ஆனந்தகுமாரின் கார் செங்கோடன் வீட்டு வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மஞ்சுளா கட்டிலைத் தட்டிப்போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். செம்பை வைத்த சத்தத்தில் அவள் மனது தெரிந்தது.

“பராகுவே ஒப்பந்தக்காரன் மறுபடி கூப்பிடறான் செங்கோடா. பதினாலு கெணறு.”

“நல்லதுங்க.”

“உன்னையத்தான் கேக்கறான்.”

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தப் பொம்பள, உப்பாயிப் போச்சே, அவ கெணறு மழைக்கப்பறம் தேறிடுச்சாமா. ஊரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கறா. ‘அடைச்சுக் குடுத்த ஆளு வந்தா வரட்டும், இல்லீனா ரிக்கே வேண்டாம்’னு. நீ சும்மா சொல்லப்படாது, வேலக்காரன்தான்டா. சம்பளம் ஒண்ணுக்கு ஒண்ணரையாப் போட்டுத் தாரேன்.”

“பாஸ்போர்ட்டு இருக்குதுங்க. வாரேன். ஒண்ணே ஒண்ணு.”

“சொல்லு.”

“எறக்கச் சொன்னது நாந்தான்னு சொல்லுங்க. நாலு பேரு முன்னால. அவ்வளவுதானுங்க.”

ஆனந்தகுமார் சிரித்தார். “பழசெல்லாம் எதுக்குடா? முன்பணம் வேணா சேத்தி வாங்கிக்க.”

“முன்பணம் வேண்டாங்க.”

“ஊட்டுக்கு மேலே ஒரு ரூம்பு எடுத்துக்க...”

“அவரு கேக்கறது காதுல உழுவலீங்களா?” என்று மஞ்சுளா கதவோரத்திலிருந்து கேட்டாள். மரியாதை குறையாத குரல்தான். ஆனாலும் ஆனந்தகுமார் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

“சரி. ரிக் பூசை அன்னைக்குச் சொல்லிப்போடறேன். போதுமா?”

வாழைப்பழத்தை மஞ்சுளா அவர் காரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

நாமக்கல் சாலையிலிருக்கும் அவருடைய கொட்டகையில் பூசை. ரிக் லாரிக்குப் புதுப் பெயின்ட், கண்ணாடிக்குச் சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். பக்கத்து ரிக் முதலாளிகள், டிரைவர்கள், ஊர்க்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்திருந்தது. ஆண்டி பெரிய டீ கேனோடு வந்து ஓர் ஓரமாக நின்றிருந்தார். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் கிளம்பும் ரிக்கின் டிரில்லருக்கு, முதல் ராடு முடுக்கும் ஸ்பேனரை வெற்றிலைத் தட்டில் வைத்து முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பார். வாங்கியவன்தான் அந்த ரிக்குக்குப் பொறுப்பு.

செங்கோடன் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். மஞ்சுளாவும் வந்திருந்தாள். வேல்முருகன் ரிக்கின் மேலே கோபுரத்தண்டில் மாலை கட்டிக்கொண்டிருந்தான். கீழே பார்க்கவில்லை.

ஆனந்தகுமார் தட்டை ஏந்திக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“நம்ம செங்கோடனை எல்லாருக்கும் தெரியும். மனுசன்னா தப்பு பண்ணாம இருக்க முடியாதுங்க. ஒரு தடவ தவறிட்டான். ரெண்டு வருசம் அனுபவிச்சுட்டான். இன்னைக்கு இந்தப் பூசையில, சாமி சத்தியமா, நான் அவனை மன்னிச்சுட்டேன். நீங்களும் மனசுல எதையும் வெச்சுக்காதீங்க.”

கை தட்டினார்கள். யாரோ ஒரு பெரியவர், “பெரிய மனசுங்க” என்றார். தட்டு செங்கோடன் கைக்கு வந்தது.

பொய்யை அவன் இரண்டு வருடம் சுமந்திருக்கிறான். அந்தச் சுமை அவனுக்குப் பழகிய ஒன்று. இந்த மன்னிப்பு வேறு. செய்தவன், செய்யப்பட்டவனை மன்னிக்கிறான். அதற்குக் கைதட்டு விழுகிறது.  செங்கோடன் தட்டை ரிக்கின் படிமேல் வைத்தான்.

“ஏனுங்க மொதலாளி, நீங்க எதை மன்னிச்சீங்க?”

“செங்கோடா, நல்ல நேரம் போயிட்டிருக்குது.”

“போவட்டுங்க. எனக்கு ரெண்டு வருசம் போச்சுங்க. எதை மன்னிச்சீங்க? சொல்லுங்க, நானுந் தெரிஞ்சுக்கறேன். அறுபதடித் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தது நானு. இனிக்குதுன்னு லீவரை வுட்டது நானு. கீழ உப்புன்னு சொன்னது நானு. எறக்குடான்னு சொன்னது யாருங்க?”

“இவனுக்கு இன்னைக்கும் ஏறியிருக்குது போல” என்று ஆனந்தகுமார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றிரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

அப்போது மேலேயிருந்து மாலை கீழே விழுந்தது. வேல்முருகன் கோபுரத்தண்டிலிருந்து இறங்கி வந்தான். இறங்கும்போது கால் வழுக்கிற்று.  செங்கோடனைப் பார்க்காமல், முதலாளியையும் பார்க்காமல், டயரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“போன் என் கையிலதாங்க இருந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அண்ணன் குடிக்கல. ‘அறுபதடிக்காடா கடல் தாண்டி ரிக் அனுப்பிச்சேன்’னு நீங்க கேட்டீங்க. ‘நீ எறக்குறியா, வேல்முருகனை எறக்கச் சொல்லட்டுமா’ன்னீங்க. அண்ணன் எறக்கலைன்னா நான் எறக்கியிருப்பேன்.” 

 சூடத்தட்டில் சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஆனந்தகுமாரின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் வெட்கம் வருமென்று எதிர்பார்த்திருந்தால் அவர்களும் ஏமாந்தார்கள்.

“ஆமாடா, சொன்னேன்” என்றார் அவர், தோளில் விழுந்த பூவைத் தட்டிவிடுகிறவர் போல. “தொழில்னா நாலும் இருக்கும். சொன்னேன். இப்ப அதுக்கென்னங்கற?”

இந்த வாக்கியத்துக்குத்தான் செங்கோடன் இரண்டு வருடம் காத்திருந்தான். இதற்காகத்தான் வரைபடம் பார்த்தான், தாள் தாளாகச் சேர்த்தான், ஒரு நாட்டின் ஆற்றையும் கொடியையும் மொழியையும் கேட்க விருப்பமில்லாத காதுகளில் ஓதினான். வந்தது. வெற்றிலைச் சாற்றைத் துப்புவது போல வந்தது. வந்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை. இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்த ஒன்றை இரண்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்தார் என்பதில் நெருப்பு இன்னும் மேலே ஏறியது.

ஆனாலும் அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அது நிறைவேறிவிட்டது. மேற்கொண்டு எதையும் சேர்க்கிறவன் அல்ல செங்கோடன். தட்டிலிருந்த ஸ்பேனரை மட்டும் எடுத்தான். வெற்றிலையைத் தொடவில்லை.

“வாரேனுங்க. சொன்ன சொல்லுக்கு வாரேன். அந்தம்மா கூப்பிட்டதுக்கு வாரேன். உங்களுக்காக இல்லீங்க. அங்க போனதுக்கப்பறம் உங்க போனை எடுக்க மாட்டேன். எங்க இனிக்குதோ அங்க நிறுத்துவேன். அறுபதுன்னா அறுபது, நாப்பதுன்னா நாப்பது. பில்லு கொறைஞ்சா நீங்க மன்னிச்சுக்குங்க.”

யாரோ சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆனந்தகுமார் பூசணிக்காயை எடுத்து ரிக்கின் முன்னால் உடைத்தார். வழக்கத்தைவிட ஓங்கி உடைத்தார். ஒரு துண்டு தெறித்து அவர் வேட்டியிலேயே பட்டது.

கூட்டம் டீக்காகக் கலைந்தது. செங்கோடன் கேன் பக்கம் போனான். ஆண்டி அவனைக் கண்டதும் அவசரமாக ஒரு தம்ளரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

“இந்தா சாமி. சூடா இருக்குது, குடி.”

செங்கோடன் கையை நீட்டவில்லை.

“கேளுங்க.”

“எதைக் கேக்கறது?”

“எப்பவும் கேப்பீங்களே. அதைக் கேளுங்க.”

“அட வுடு சாமி. வெளையாட்டுக்குச் சொன்னது. அதெல்லாம் மறந்துபோடு.”

“பெஞ்சு நெறைய ஆளு இருக்கறப்ப கேட்டீங்க. இங்கயும் ஆளுங்க நெறைய இருக்கறாங்க. தீவன லாரிக்காரரும் இருக்கறாரு, பாருங்க. கேளுங்க. உப்பா, சர்க்கரையான்னு.”

  பக்கத்திலிருந்தவர்கள் தம்ளரை வாயருகே பிடித்தபடி நின்றுவிட்டார்கள். மஞ்சுளா, “ஏனுங்க, போலாங்க” என்றாள். செங்கோடன் நகரவில்லை. ஒரு கையில் ஸ்பேனர். மறு கை வேட்டி மடிப்பில்.

ஆண்டியின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. செங்கோடன் கேள்விக்காக நின்றுகொண்டிருந்தான்.